கட்டுப்போட்ட கைக்கு ஒரு ஜெபக்குறிப்பு

போர்ட் பிளேர் வானொலியில் காலை ஹிந்திச் செய்தி முடிந்து கப்பல் அறிவிப்பு வந்தது. சென்னைக்குப் போகும் கப்பலில் காலையிலேயே ஏற வேண்டிய பயணிகள் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்றார்கள். சரக்கு இறக்கி முடியவில்லையாம்.

தீவில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கப்பல் என்றைக்குச் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? ஆனால் ஜெயராணிக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கப்பலில் போகப்போவது அவள் இல்லை. கீழ்வீட்டு வைஜெயந்தியும் அவள் மகள் சௌமியாவும்.

போன வாரம் வரை இந்தத் தொடரில் கூடவே வந்தவர்களுக்கு வைஜெயந்தியைத் தெரியும். இன்றைக்குத்தான் இந்த ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸ் படியேறுகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் பாலகுமார் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் நல்ல பேர் எடுத்தவன். அதிர்ந்து பேச மாட்டான். வீட்டுக்குள்ளும் அவன் அதிராமலே எல்லாம் செய்ததால், மேல்வீட்டில் இருந்தும் ஜெயராணிக்கு இத்தனை வருஷம் ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் வைஜெயந்தியின் இடது கையில் மாவுக்கட்டு ஏறியது. வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாள். சரி என்று ஜெயராணியும் கேட்டுக்கொண்டாள். ஆனால் அன்று சாயங்காலமே அவள் மேலே வந்து, "அக்கா, உங்க பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?" என்று கேட்டபோது ஜெயராணிக்கு எல்லாம் புரிந்துபோனது.

அன்றிலிருந்து ரெண்டு பேருமாகப் போட்ட திட்டம் இது. மரைன் ஹில்லில் இருக்கும் ஜெயராணியின் சிநேகிதி லத்தீபாவின் வீட்டுக்காரர் ஜெய்னுலாப்தீன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். இன்று காலை சௌமியா யூனிபார்ம் போட்டு ஸ்கூலுக்குப் போவதுபோலவும், வைஜெயந்தி கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போவதுபோலவும் கிளம்பி, லத்தீபா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாலகுமார் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது கப்பல் நடுக்கடலில் இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. இப்போது கப்பல் கரையிலேயே நிற்கிறது.

ஜெயராணி கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சுனாமியில் கடல் உள்ளே வந்த அந்த வருஷம் தாயை அதற்குக் கொடுத்துவிட்டு போர்ட் பிளேருக்கு வந்து, அங்கன்வாடி டீச்சர் ஆனவள். அதிலிருந்து பயம் அவளுக்கு முதலில் முழங்காலில்தான் தெரியும். இன்றைக்கு அங்கன்வாடிக்கு லீவு சொல்லியிருந்தாள்.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தண்ணீர் வரும் நாள். குழாயடியில் ஜெபக்குழு வசந்தகுமாரி பக்கெட்டோடு நின்றாள்.

"ஸ்தோத்திரம்க்கா. அந்த சிஸ்டருக்காக நேத்து நான் உபவாசம். எங்க வீட்டுக்காரரும் சேர்ந்துக்கிட்டாரு."

"எந்த சிஸ்டர்?"

"அரே, நீங்க புதன்கிழமை கொடுத்த ஜெபக்குறிப்புதான். கையில கட்டுப்போட்ட சிஸ்டர் நல்லபடியா கப்பல் ஏறணும், வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு."

ஜெயராணி கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"இதை உன் வீட்டுக்காரர்கிட்ட எதுக்குச் சொன்ன வசந்தி?"

"குடும்ப ஜெபத்துல சொல்லாம எப்படிக்கா? ஒருமனப்பட்டுக் கேட்டாத்தானே?" வசந்தகுமாரி குரலைத் தாழ்த்தினாள். "பேரெல்லாம் நான் சொல்லல. அவரே கண்டுபிடிச்சிட்டாரு. நம்ம குவார்ட்டர்ஸ்ல கையில கட்டோட வேற யாரு இருக்கா? இன்னிக்கு ஒர்க்‌ஷாப்புல பாலகுமார்கிட்டயே பேசப்போறேன்னு போயிருக்காரு. 'தம்பி, உனக்காக ஜெபிக்கிறோம், கோபத்தை விட்டுடு'ன்னு பக்குவமா சொல்லுவாராம். சாட்சியா ஒரு நாலு வார்த்தை."

முகம் முழுக்கச் சந்தோஷம். ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் ஜெயராணியை நடுங்க வைத்தது. கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டையாவது போடலாம்.

ஆட்டோவில் மரைன் ஹில் ஏறும்போது அந்தப் புதன்கிழமையை நினைத்தாள். பெண்கள் ஜெபக்கூட்டத்தில் பாஸ்டரம்மா எப்போதும் சொல்வார்: குறிப்பை மொட்டையாகக் கொடுக்காதீர்கள், விவரமாகச் சொன்னால்தான் பாரத்தோடு ஜெபிக்க முடியும். ஜெயராணியும் பேர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒரு சிஸ்டர் என்றாள். கப்பல் என்றாள். விவரமாக இருக்கட்டும் என்று, கட்டுப்போட்ட கை என்றும் சொன்னாள்.

உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு அவள் அதை முழுக்க வைஜெயந்திக்காகச் சொல்லவும் இல்லை. சுகமில்லாத மாமியார், பரீட்சை எழுதும் பிள்ளை என்று மற்றவர்கள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தன் கையில் பெரிய பாரம் இருக்கிறது என்று காட்டிக்கொள்ளவும் ஒரு ஆசை. சொல்லி முடித்ததும் அத்தனை பேரும் "ஆண்டவரே" என்று ஒரே குரலில் சொன்னபோது உள்ளே இனித்தது. அந்த இனிப்பு இப்போது கசந்தது.

ஊருக்கே சொன்னவள் ஒரே ஒருவரிடம் சொல்லவில்லை. அது அவள் புருஷன் எபனேசர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிற மனுஷர், எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருப்பதே பத்திரம் என்று அவளாக முடிவு செய்திருந்தாள்.

லத்தீபா வீட்டு மாடியில் சௌமியா கம்பியைப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கப்பல் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"டீச்சரத்தை, இப்பத்தான் எபி மாமா ஸ்கூட்டர்ல போனாங்க. நான் டாட்டா காட்டினேன். மாமாவும் காட்டினாங்க."

இன்று டியூட்டி இல்லை, மீன் வாங்கிக்கொண்டு சர்ச் ஜெனரேட்டரையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே கிளம்பியவர். அவர் பார்த்தால் என்ன, நம் மனுஷர்தானே என்று ஜெயராணி பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

வைஜெயந்தி தரையில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் பையை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயராணி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடியில் கேட்டதை முதலில் சொன்னாள். புதன்கிழமையை அப்புறம் சொன்னாள். வைஜெயந்தி அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் ஜிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க சாமிகிட்ட சொல்லணும்னா மனசுக்குள்ள சொல்லக்கூடாதாக்கா? அவருக்குக் காது கேக்காதா?"

ஜெயராணி குனிந்து அந்த ஜிப்பை இழுத்து மூடினாள். அவள் சாமியைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை.

"நடந்தது நடந்துபோச்சு," என்றாள் லத்தீபா. "பன்னெண்டரைக்கு எங்க கடை வேன் வருது புள்ள. அதுல ஏத்தி நேரா ஹேடோ துறைமுகக் கேட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுருவேன். ஜெயராணி, நீ இங்க நிக்காத. உன்னை வெச்சு அவன் இங்க வந்துருவான். வீட்டுக்குப் போ. அண்ணனுக்குத் தெரியும்ல?"

"தெரியாது."

லத்தீபா அவளை வாசல் பக்கம் திருப்பிவிட்டாள்.

வாசல் வரை வைஜெயந்தி வந்தாள். "அவரு உங்ககிட்டதான் முதல்ல வருவாரு. வடக்கே டிக்லிபூர்ல எங்க சித்தப்பா வீட்டுக்குக் காலை பஸ்ல போயிட்டேன்னு சொல்லிடுங்க. ஜிர்காடாங் செக்போஸ்ட் தாண்டினா ஒரே காடு, சிக்னல் கிடையாது, போன் போகலன்னாலும் நம்புவாரு. நீங்க சொன்னா நம்புவாருக்கா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும்."

ஜெயராணி ஆட்டோ பிடிக்க இறங்கினாள்.

அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்த விஷயம். யாருடைய பையன் கண்ணாடியை உடைத்தான், யார் தண்ணீர் லைனில் முந்தினார்கள் என்று வந்தால், "அங்கன்வாடி டீச்சரைக் கேளுங்க" என்பார்கள். அவள் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை. இருபது வருஷமாக அப்படித்தான். பொய் சொல்லாத வாய் என்று ஆண்டவருக்குக் கொடுத்த காணிக்கையாகவே அதை நினைத்திருந்தாள். கொஞ்சம் கர்வமும் உண்டு. கர்வம் இல்லாத காணிக்கையை யார் கொடுத்தார்கள்?

வீட்டுக்குப் போய் முதல் வேலையாக எபனேசரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள். எபனேசர் இன்னும் வந்திருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடப் போனபோது கீழே பைக் வந்து நின்றது.

செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக, அவசரமில்லாமல் ஏறியது. கீழ்வீட்டு வாசலில் நின்றது. பூட்டைத் தொட்டுப் பார்க்கும் சத்தம். பிறகு மறுபடி ஏறியது.

பாலகுமார் செருப்பை வெளியே ஓரமாக, ஜோடியாகக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கையில் சௌமியாவின் ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டில்.

"டீச்சரக்கா, சௌமியா பாட்டிலை மறந்து வெச்சிட்டுப் போயிருக்கா. கொடுக்கலாம்னு ஸ்கூலுக்குப் போனேன். இன்னிக்கு வரவே இல்லைங்கிறாங்க."

"உக்காருங்க தம்பி." குரல் தன்னுடையதுபோல் இல்லை என்று ஜெயராணிக்கே தெரிந்தது.

அவன் உட்கார்ந்தான். பாட்டிலை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.

"ஒர்க்‌ஷாப்புல வசந்தகுமாரி வீட்டுக்காரரு என் தோள்ல கை போட்டு, எனக்காக ஜெபம் பண்றோம்ங்கிறாரு. எனக்கு எதுக்குக்கா ஜெபம்? எனக்கு என்ன குறை?" சிரித்தான். "ஏதோ கப்பல்னு ஆரம்பிச்சாரு. அப்புறம் மூடிக்கிட்டாரு. எனக்கு ஒண்ணும் புரியல. சரி, அக்காவைக் கேட்டா தெரியும்னு வந்தேன்."

ஜெயராணி சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ எங்கன்னு உங்களைக் கேக்கல. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. அவ கப்பல்ல போகலன்னு சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன். இல்லைன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

ஜெயராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேங்கறீங்க." அவன் பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான். "எபி அண்ணன் பாவம். அந்தப் பழைய கிரேன்ல இன்னும் எத்தனை நாளு ஏறி இறங்குவாரு? நாங்கதான் சர்வீஸ் பண்றோம். ஒரு போல்ட் சரியா முறுக்கலைன்னாகூட யாருக்குத் தெரியப்போகுது?"

அதைச் சொல்லும்போதும் அவன் குரல் உயரவில்லை. வைஜெயந்தி இத்தனை வருஷம் கேட்ட குரல் இதுதான் என்று ஜெயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. கத்துகிறவனாக இருந்தால் அக்கம்பக்கமாவது வந்திருக்கும்.

அவள் மௌனமாக இருந்தால் அதுவே ஆமாம் என்று ஆகிவிடும். பொய் சொல்லாதவளின் மௌனத்துக்கு வேறு அர்த்தம் கிடையாது. இதை அவன் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறான். எந்தக் காணிக்கையை அவள் இருபது வருஷமாகச் சேர்த்து வைத்தாளோ, அதை வைத்தே அவளைக் கட்டிப்போட்டுவிட்டான்.

"டிக்லிபூர் போயிருக்கா," என்றாள் ஜெயராணி. "சித்தப்பா வீட்டுக்கு. காலை பஸ்ல. பிள்ளையையும் கூட்டிக்கிட்டு."

சொன்னது தன் வாய்தானா என்று இருந்தது. இடி விழவில்லை. சுவர்க் கடிகாரம் அதுபாட்டுக்கு ஓடியது.

பாலகுமார் அவள் முகத்தையே பார்த்தான். தோள் தளர்ந்தது. "அதான் போன் போகலையா," என்றான். எழுந்து கைகூப்பினான். "ரொம்ப நன்றிக்கா. நீங்க சொல்லிட்டீங்க, அது போதும்."

அந்தக் கும்பிடு அவளுக்குச் செருப்படியாக விழுந்தது. அவன் படியிறங்கி, பைக் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாவம் செய்துவிட்டோமா, ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். வேன் வந்துவிடும்.

எபனேசர் மீன் பையோடு உள்ளே வந்தார். சட்டையில் ஜெனரேட்டர் கரி.

"என்னட்டி தரையில உக்காந்திருக்க? காய்ச்சலா?"

"இல்ல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அதுக்கு முன்னால இதைக் கேளு. கீழ கேட்டுகிட்ட பாலகுமாரைப் பாத்தேன். பொண்டாட்டியும் பிள்ளையும் டிக்லிபூர் போயிட்டாங்களாம், பஸ்ஸு கிடைக்குமான்னு பாக்கப் போறேங்கான். என்னப்பா சொல்லுத, இப்பத்தானே மரைன் ஹில்லுல லத்தீபாம்மா வீட்டு மாடியில சௌமியா எனக்கு டாட்டா காட்டுச்சுன்னேன்."

ஜெயராணி அவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அவன் முகத்தைப் பாக்கணுமே. அப்படியே நின்னுட்டான். அப்புறம், 'அண்ணே, அக்கா பொய் சொல்லுவாங்களா'ன்னு கேட்டான். என்ன கேள்வி இது? அவ வாயில பொய்யே வராதுப்பான்னேன். சிரிச்சான் பாரு..." எபனேசர் பேச்சை நிறுத்தினார். "ஏட்டி, உனக்கு ஏன் இப்படி நடுங்குது?"

"நான் பொய் சொன்னேன்," என்றாள் ஜெயராணி. "வைஜெயந்தி கையை முறிச்சவன் அவன். அவ இன்னிக்குக் கப்பல் ஏறப்போறா. நான்தான் எல்லாம் பண்ணினேன். ஜெபக்கூட்டத்துல சொன்னேன். உங்ககிட்ட சொல்லல."

எபனேசரின் கையிலிருந்து மீன் பை நழுவியது. குனிந்து எடுக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்காமல் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியை நோக்கி நடந்தார்.

லத்தீபாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஜெயராணி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து மறுபடி அடித்தாள். லாரி ஒன்று வழி மறித்து நின்றது. எபனேசர் ஹாரனை அழுத்திக்கொண்டே முன்னால் பார்த்தபடி சொன்னார்.

"ஜெபக்கூட்டத்துல அத்தனை பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்ட்டி. அந்த அளவுக்குக்கூட நான் ஆகலையா உனக்கு?"

ஜெயராணி போனைக் கீழே இறக்கினாள். அவருடைய முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வழக்கமாக இப்படி ஒரு நேரத்தில் அவள் வாய்விட்டு ஜெபிப்பாள், நாலு பேருக்குக் கேட்கும்படி. இன்று உதடு அசையவில்லை. வைஜெயந்தியின் பேரைக்கூட உள்ளே சொல்லவில்லை. கேட்கிறவருக்குக் காது இருக்கிறது என்றால் இந்த நடுக்கமே கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மேட்டில் திரும்பியதும் தூரத்தில் வெள்ளைக் கப்பல் தெரிந்தது. லத்தீபா வீட்டு முன்னால் வேன் இல்லை. வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டதா, இன்னும் வரவே இல்லையா?

கேட் திறந்து கிடந்தது. அதன் ஓரமாகப் பாலகுமாரின் பைக் ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில் பூட்டி, ஒழுங்காக நின்றது. வாசல்படியில் அவன் செருப்பு ஜோடியாக இருந்தது. பக்கத்தில் சௌமியாவின் ரோஸ் நிறத் தண்ணீர் பாட்டிலை, பிள்ளை வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல் நிமிர்த்தி வைத்திருந்தான்.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவன் சத்தம் போடாதவன் என்பது ஜெயராணிக்கு இப்போது தெரியும்.